கருவாட்டில் பூத்த சிவப்பு: உப்பில்லாமல் வாழ முடியாத உயிர்கள்

போன வைகாசியில் தொண்டிப் பக்கமிருந்து வந்த கருவாடு கொஞ்சம் வாங்கி, காரைக்குடி வீட்டில் இரண்டாம் கட்டுச் சாமான் அறையில் ஓலைப்பெட்டிக்குள் போட்டு வைத்திருந்தோம். நடுவில் இரண்டு நாள் கோடை மழை. பத்து நாள் கழித்துத் திறந்தால், உப்பு வெள்ளையாகப் படிந்திருந்த இடங்களிலெல்லாம் இளஞ்சிவப்பாக ஏதோ படர்ந்திருக்கிறது, தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. அப்பத்தா ஒரு பார்வை பார்த்தார்கள். “தூரப் போட்டுரு ஆத்தா” என்றார்கள். அப்புறம் அவர்களே கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “உப்புல போட்டா எதுவும் அண்டாதுன்னுதானே போடுறோம், இது எங்கேருந்து வந்துச்சு?” என்று கேட்டார்கள்.

அந்தக் கேள்விக்கு உள்ள பதில் எனக்கு இன்றைக்கும் வியப்புத்தான். அது அந்த உப்பிலிருந்தேதான் வந்தது.

இதைப் புரிந்துகொள்ள, உப்பு ஏன் பொருளைக் கெடாமல் வைக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். மாவடு போட்டவர்களுக்கு இது ஏற்கெனவே தெரியும். பிஞ்சு வடுவைக் கழுவித் துடைத்து, விளக்கெண்ணெய் தடவி, கல்லுப்பைப் போட்டு ஜாடியில் குலுக்கி வைக்கிறோம். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றுவதில்லை. மூன்றாம் நாள் திறந்தால் பாதி ஜாடி வரைக்கும் தண்ணீர் நிற்கிறது, வடுவெல்லாம் சுருங்கிக் கிடக்கிறது. அந்தத் தண்ணீர் முழுக்க வடுவுக்குள் இருந்தது. ஒரு மெல்லிய சவ்வுக்கு ஒரு பக்கம் உப்பு அதிகமாகவும் இன்னொரு பக்கம் குறைவாகவும் இருந்தால், உப்பு குறைந்த பக்கத்திலிருந்து உப்பு அதிகமான பக்கத்துக்குத் தண்ணீர் நகர்ந்துகொண்டே இருக்கும். பள்ளிக்கூடத்தில் சவ்வூடு பரவல் என்று படித்தோமே, அதேதான்.

வடுவுக்கு நடப்பது பாக்டீரியாவுக்கும் நடக்கும். பாக்டீரியா என்பது சவ்வால் மூடிய ஒரு துளித் தண்ணீர், அதற்குள் புரதங்களும் மரபுப்பொருளும் மிதக்கின்றன, அவ்வளவுதான். உப்புக்கண்டத்துக்காகக் கறியில் உப்பும் மஞ்சளும் மிளகாயும் தடவி நூலில் கோத்து வெயிலில் கட்டும்போது, கறியைக் கெடுக்க வந்த பாக்டீரியாவின் உள்ளேயிருந்து தண்ணீர் வெளியே ஓடிவிடுகிறது. உள்ளே வறண்டுபோனால் எந்த வேலையும் நடக்காது. சிலது செத்துப்போகும், சிலது செயலற்றுக் கிடக்கும்.

நம் இரத்தத்தின் உப்புக்குச் சமமாக ஆஸ்பத்திரியில் ஏற்றும் சலைன் 0.9 சதவீத உப்பு. கடல்நீர் சுமார் 3.5 சதவீதம். தண்ணீரில் இனிமேல் கரையாது என்கிற அளவுக்கு உப்பைக் கரைத்தால், 100 கிராம் தண்ணீருக்கு ஏறக்குறைய 36 கிராம். உப்பளத்தில் கடைசிப் பாத்தியில் உப்பு விளையும் நேரத்தில் இருக்கும் தண்ணீர் இந்த நிலையில்தான் இருக்கும். அந்தத் தண்ணீரில், அந்த வெயிலில், கோடிக்கணக்கில் உயிர்கள் நீந்திக்கொண்டிருக்கின்றன.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் பலரும் குழப்பிக்கொள்வது இங்கேதான். உப்பைத் தாங்குவது வேறு, உப்பை நேசிப்பது வேறு. நம் தோலிலும் மூக்கிலும் இருக்கும் ஸ்டெஃபிலோகாக்கஸ் பாக்டீரியா வியர்வை உப்பையெல்லாம் தாங்கும், 10 சதவீத உப்பிலும் வளரும். ஆனால் உப்பே இல்லாவிட்டாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. ஊறுகாயைப் புளிக்க வைக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாக்களும் பெரும்பாலும் இந்தச் சாதிதான். உப்பு நேசிகள் அப்படி அல்ல. அவற்றுக்கு உப்பு வேண்டும், அதுவும் நிறைய வேண்டும். என் கருவாட்டில் வந்த சிவப்புக்குப் பெரும்பாலும் காரணமாக இருக்கும் வகையில் பெயர்பெற்றது ஹாலோபாக்டீரியம் சாலினாரம். கடல்நீரைவிட மூன்று நான்கு மடங்கு உப்பாவது இருந்தால்தான் அது வளரவே தொடங்கும். கடல்நீரே அதற்குச் சப்பென்று இருக்கும்.

அப்படியானால் அதற்குள்ளிருந்து தண்ணீர் ஏன் ஓடிப்போகவில்லை?

உப்பு நேசிகள் இந்தச் சிக்கலை இரண்டு வழியில் தீர்த்திருக்கின்றன, இரண்டும் ஒன்றுக்கொன்று முற்றிலும் வேறு குணம். முதல் வழி, உப்பை வெளியிலேயே நிறுத்திவிட்டு, வெளியே இருக்கும் இழுப்புக்குச் சமமாக உள்ளேயும் ஏதோ ஒன்றைக் கரைத்து வைத்துக்கொள்வது. தண்ணீரை இழுத்துப் பிடிக்க உப்புதான் வேண்டும் என்றில்லை. சர்க்கரைப் பாகும் பிடிக்கும், நெல்லிக்காய் பாகில் ஊறிச் சுருங்குவதைப் பார்த்திருப்பீர்கள். எனவே இந்த உயிர்கள் கிளிசரால், பீட்டெய்ன், எக்டோயின் மாதிரியான சிறு மூலக்கூறுகளைத் தாங்களே தயாரித்தோ வெளியிலிருந்து உறிஞ்சியோ உடம்பு முழுக்க நிரப்பிக்கொள்கின்றன. இவை எவ்வளவு சேர்ந்தாலும் உள்ளே இருக்கும் புரதங்களின் வேலையைக் கெடுக்காது, அதுதான் இவற்றின் சிறப்பு. உப்பளத்தில் வாழும் டுனாலியெல்லா என்ற பாசி (இது பாக்டீரியா இல்லை, ஆனால் இந்தக் கதையில் அதற்குப் பெரிய பங்கு உண்டு) கிளிசராலை இப்படித்தான் சேர்க்கிறது.

எக்டோயினை 1985-இல் எகிப்தின் வாடி நட்ரூன் என்ற பாலைவன உப்பேரிப் பகுதியைச் சேர்ந்த ஒரு பாக்டீரியாவில் கண்டுபிடித்தார்கள். தண்ணீரைத் தன்னைச் சுற்றிப் பிடித்துவைக்கும் அந்தக் குணத்துக்காகவே இன்று தோலில் தடவும் கிரீம்களில் அதைச் சேர்க்கிறார்கள். அதைத் தயாரிக்கும் முறை எனக்கு ரொம்பப் பிடித்த ஒன்று. ஹாலோமோனாஸ் என்ற பாக்டீரியாவை நல்ல உப்புத் தண்ணீரில் வளர்க்கிறார்கள், அது வயிறு நிறைய எக்டோயின் சேர்த்துக்கொள்கிறது. திடீரென்று தண்ணீரின் உப்பைக் குறைக்கிறார்கள். உள்ளே இவ்வளவு கரைந்திருக்க வெளியே உப்பு குறைந்துபோனால், தண்ணீர் பாய்ந்து உள்ளே வந்து செல் வெடித்துவிடும் அல்லவா? அதற்கு முன் பாக்டீரியா எக்டோயினை வெளியே கொட்டிவிடுகிறது. அதைச் சேகரித்துக்கொண்டு, மறுபடி உப்பை ஏற்றினால் அது மறுபடி தயாரிக்கிறது. பசுவில் பால் கறப்பதுபோல் ஒரே கூட்டத்திடமிருந்து திரும்பத் திரும்பக் கறக்கலாம்.

இந்த முதல் வழியில் ஒரு சௌகரியம், உப்பு ஏறினால் அதிகமாகத் தயாரிக்கலாம், மழை பெய்து நீர்த்துப்போனால் கொட்டிவிடலாம். செலவுதான் அதிகம். ஒவ்வொரு மூலக்கூறையும் கார்பனைப் போட்டுச் சக்தியைப் போட்டுச் செய்ய வேண்டும்.

இரண்டாவது வழி, உப்பை உள்ளே விட்டுவிடுவது. ஹாலோபாக்டீரியமும் அதன் சொந்தங்களும் செய்வது இதுதான். சாப்பாட்டு உப்பில் இருக்கும் சோடியத்தை வெளியே தள்ளிவிட்டு, அதற்குப் பதில் பொட்டாசியத்தை உள்ளே இழுத்துக் குவிக்கின்றன. அவற்றின் உள்ளே லிட்டருக்கு 300 கிராம் அளவுக்குப் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். வெளியே எவ்வளவு செறிவோ உள்ளேயும் அவ்வளவு, எனவே தண்ணீருக்கு எந்தப் பக்கமும் ஓட வேண்டிய அவசியமில்லை. செலவும் குறைவு, உப்பைச் செய்ய வேண்டாம், சுற்றிலும் கிடக்கிறது.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் அவ்வளவு உப்புக்குள் நம் உடம்பில் இருப்பது போன்ற சாதாரணப் புரதத்தைப் போட்டால் அது தண்ணீரை இழந்து, ஒன்றோடொன்று ஒட்டித் திரிந்துவிடும். (பாலில் எலுமிச்சம்பழம் பிழிந்தால் திரிவது வேறு காரணத்தால், ஆனால் கண்ணுக்குத் தெரிவது அதுபோலத்தான்.) எனவே இந்த வழியைத் தேர்ந்த உயிருக்கு ஒன்றிரண்டு புரதத்தை மாற்றினால் போதாது, உள்ளே இருக்கும் அத்தனை ஆயிரம் வகைப் புரதங்களையும் மாற்றியாக வேண்டும். அதைத்தான் பரிணாமம் நெடுங்காலமாகச் செய்திருக்கிறது. இவற்றின் புரதங்களின் மேற்பரப்பில் அஸ்பார்ட்டிக் அமிலம், குளூட்டாமிக் அமிலம் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் மிக அதிகம். இரண்டும் எதிர்மின் சுமை உள்ளவை. அந்தச் சுமைகள் தண்ணீரையும் பொட்டாசியத்தையும் பிடித்துத் தம்மைச் சுற்றி ஒரு ஈரமான போர்வைபோலப் போர்த்திக்கொள்கின்றன, அதனால் புரதம் ஒட்டிக்கொள்ளாமல் கரைந்தே இருக்கிறது, வேலை செய்கிறது.

இந்தச் சுமைகளை உப்பில்லாத இடத்துக்குக் கொண்டுபோனால் கதை தலைகீழாகிவிடும். ஒரே வகைச் சுமைகள் ஒன்றையொன்று தள்ளும், காந்தத்தின் ஒரே முனைகள் இரண்டைச் சேர்த்துப் பிடிப்பதுபோல. உப்பு இருந்தவரை அந்தத் தள்ளுதலை அது மட்டுப்படுத்திக்கொண்டிருந்தது. உப்பு போனதும் புரதம் மடிப்புக் குலைந்து அவிழ்ந்துபோகிறது. செல்லின் வெளிச்சுவரும் அப்படியே, சோடியம் பிடித்து வைத்திருப்பதால்தான் அது வடிவம் மாறாமல் நிற்கிறது. நம் ஊர் ஊருணித் தண்ணீரில், வானத்திலிருந்து விழுந்து சேர்ந்த அந்த நல்ல தண்ணீரில், ஹாலோபாக்டீரியத்தை விட்டால் சுவர் பிரிந்து, தண்ணீர் உள்ளே பாய்ந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெடித்துவிடும். ஆய்வுக்கூடத்தில் இதன் மரபுப்பொருளை வெளியே எடுக்க இந்தக் குணத்தையே பயன்படுத்துகிறார்கள், உப்பில்லாத தண்ணீரை ஊற்றினால் போதும்.

கடுமையான சூழல் என்று நாம் எழுதுகிறோமே, அந்தச் சொல்லில் எனக்கு எப்போதும் ஒரு தயக்கம் உண்டு. உப்புப் பாத்தி நமக்குக் கடுமை. அதற்கு அது வீடு, ஊருணிதான் கொலைக்களம். அது உப்போடு போராடிக்கொண்டு மூச்சுப் பிடித்து உயிர்வாழ்கிறது என்று நினைப்பது தப்பு, உடம்பின் ஒவ்வொரு புரதமும் உப்பை எதிர்பார்த்தே செய்யப்பட்டிருக்கிறது.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ஹாலோபாக்டீரியம் என்று பெயர் இருந்தாலும் அது பாக்டீரியா இல்லை. 1977-இல் கார்ல் வோஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானியும் அவரோடு பணியாற்றிய ஜார்ஜ் ஃபாக்ஸும் உயிரினங்களின் ஆர்.என்.ஏ.வை ஒப்பிட்டுப் பார்த்து, பாக்டீரியா போலவே தோன்றும் ஒரு கூட்டம் உண்மையில் தனி வம்சம் என்று காட்டினார்கள். அதை இப்போது ஆர்க்கியா என்கிறோம். உப்பின் உச்சத்தில் வாழ்பவை பெரும்பாலும் ஆர்க்கியாக்கள். பெயர் மட்டும் பழைய பெயராகவே நின்றுவிட்டது. உண்மையான பாக்டீரியாவிலும் ஒன்று இந்த இரண்டாவது வழியைப் பிடித்திருக்கிறது, சாலினிபாக்டர் ரூபர், ஸ்பெயின் நாட்டு உப்பளங்களில் கண்டு 2002-இல் பெயர் வைத்தார்கள். அதுவும் சிவப்பு, அதன் உள்ளேயும் பொட்டாசியம், அதன் புரதங்களும் அமிலத்தன்மை. வேறு வம்சத்தில் பிறந்து அதே தீர்வுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

சரி, ஏன் சிவப்பு?

தூத்துக்குடி, வேதாரண்யம், ராமநாதபுரம் வாலிநோக்கம் என்று நம் கடற்கரை உப்பளங்களில், தெப்பத்திலிருந்து பாத்தி பாத்தியாகத் தண்ணீர் கெட்டியாகிக்கொண்டே வரும். தண்ணீரின் கெட்டியை (சூட்டை அல்ல) டிகிரியில் காட்டும் மானியில் கடல்நீர் மூன்று சொச்சம் காட்டும், உப்பு விளையத் தொடங்குவது 25 டிகிரி வாக்கில். அந்தக் கட்டத்தில் தண்ணீர் இளஞ்சிவப்பாகவோ செங்கல் நிறமாகவோ மாறுவதுண்டு. அந்த நிறம் இந்த உயிர்களுடையது. சவ்வில் பாக்டீரியோரூபெரின் என்ற சிவப்பு நிறமி இருக்கிறது, கேரட்டுக்கு நிறம் தரும் பொருளின் குடும்பம். நிழலே இல்லாத பாத்தியில் நாள் முழுக்க அடிக்கும் வெயிலின் புற ஊதாக் கதிர்களால் வரும் சேதத்திலிருந்து அது செல்லைக் காக்கிறது. சிவந்த தண்ணீர் வெயிலை அதிகம் உறிஞ்சிச் சீக்கிரம் சூடாவதால் ஆவியாவதும் வேகமாகிறது, உப்பு வாருகிறவர்களுக்கு அது லாபம். 2020 ஜூன் மாதம் மகாராஷ்டிராவின் லோனார் ஏரி திடீரென்று ரோஜா நிறமானபோது செய்தித்தாள்களிலெல்லாம் படம் வந்தது நினைவிருக்கலாம், அங்கேயும் காரணம் உப்பு நேசி ஆர்க்கியாக்கள்தான் என்று புனேயின் அகர்கர் ஆராய்ச்சி நிறுவனம் சொன்னது.

வெயிலைத் தடுப்பதோடு நிற்கவில்லை, வெயிலைச் சாப்பிடவும் செய்கின்றன. சூடான கெட்டி உப்புத் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாகவே கரையும். மூச்சுக்குத் தட்டுப்பாடு வரும்போது ஹாலோபாக்டீரியம் தன் சவ்வில் ஊதா நிறத் திட்டுகளை உண்டாக்குகிறது. அதில் இருக்கும் பாக்டீரியோரோடாப்சின் என்ற புரதத்தை 1971-இல் டீட்டர் ஊஸ்டர்ஹெல்ட்டும் வால்தர் ஸ்டோக்கெனியஸும் உலகுக்குச் சொன்னார்கள். அதன் நடுவில் ரெட்டினல் என்ற மூலக்கூறு உட்கார்ந்திருக்கிறது, வைட்டமின் ஏ-யிலிருந்து வருவது, நம் கண்ணின் விழித்திரையில் ஒளியைப் பிடிப்பதும் அதேதான். ஒளி பட்டவுடன் ரெட்டினல் வளைகிறது, வளையும்போது ஒரு புரோட்டானைச் செல்லுக்கு வெளியே தள்ளுகிறது. ஏற்றம் இறைப்பதுபோல் இப்படித் தள்ளித் தள்ளி வெளியே புரோட்டான் சேர்ந்துவிட்டால், அது மறுபடி உள்ளே விழும் வேகத்தில் ஒரு நொதி சுழன்று ஏடிபி என்ற சக்திப் பொருளைத் தயாரிக்கிறது. இலையில் நடப்பதுபோல் பச்சையமும் வேண்டாம், அத்தனை சிக்கலும் வேண்டாம், ஒரே ஒரு புரதம் போதும். அந்தப் புரதத்தின் வடிவத்தை மின்னணு நுண்ணோக்கியால் பார்க்கப் பல ஆண்டு உழைத்தவர் ரிச்சர்ட் ஹெண்டர்சன். அந்த வேலையின் தொடர்ச்சியாக வளர்ந்த உறைகுளிர் நுண்ணோக்கி முறைக்காக 2017-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். உப்புப் பாத்தியில் தொடங்கிய கதை எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது பாருங்கள்.

இன்னொன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. 1980-இல் அந்தோனி வால்ஸ்பி என்பவர் சினாய் பகுதியின் ஓர் உப்புக் குட்டையில் சதுரமான உயிர் ஒன்றைக் கண்டார். அப்படியே ஆத்தங்குடி டைல்ஸ் மாதிரி, தட்டையாக, நான்கு மூலையோடு. உயிர்கள் பொதுவாக உருண்டையாகவோ குச்சியாகவோ இருக்கும், ஏனென்றால் உள்ளே தண்ணீரின் அழுத்தம் சுவரை எல்லாப் பக்கமும் தள்ளும், பலூனைச் சதுரமாக ஊத முடியாதல்லவா. இதற்கு உள்ளும் வெளியும் ஒரே செறிவு, அழுத்தம் இல்லை, அதனால் சதுரமாக இருக்க முடிகிறது. ஹாலோகுவாட்ராட்டம் வால்ஸ்பியி என்று அவர் பெயரையே வைத்தார்கள். ஆய்வுக்கூடத்தில் அதை வளர்க்க 2004 வரை முடியவில்லை.

இவற்றுக்கும் எல்லை உண்டு. சாக்கடல் என்று சொல்கிறோமே, அதில் உயிர் இருக்கிறது என்று 1936-இல் காட்டியவர் பெஞ்சமின் எலசாரி வோல்கானி. ஆனால் சாக்கடல் உப்பில் பெரும்பங்கு மக்னீசியம் குளோரைடு, அது உப்பு நேசிகளுக்கே தொல்லை. எனவே அங்கே பெரும்பாலும் வளர்ச்சி மிகக் குறைவு. 1980-லும் 1992-லும் பெருமழை வெள்ளம் வந்து மேல்தண்ணீர் நீர்த்தபோது டுனாலியெல்லாவும் ஆர்க்கியாக்களும் பெருகி அந்தக் கடலே சிவந்தது.

இப்போது கருவாட்டுக்கு வருவோம். வெயிலில் விளைந்த கல்லுப்பு என்பது வெறும் ரசாயனம் இல்லை, பாத்தித் தண்ணீரில் நீந்திய உயிர்கள் படிகத்தோடு சேர்ந்தே வந்துவிடும். மீனில் தடவும்போது அவையும் போகின்றன. காற்று உலர்ந்து இருக்கும்வரை சும்மா கிடக்கும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகக் கசியும், மழைக்காலத்தில் உப்பு ஜாடி நசநசக்கும் அல்லவா, அதுதான். அந்தக் கசிவு அவற்றுக்கு ஒரு சின்ன உப்பளம். கீழே தின்ன மீனின் புரதம். வைகாசிச் சூடு வேறு, 40 டிகிரிக்கு மேல் என்றால் ஹாலோபாக்டீரியத்துக்குக் கொண்டாட்டம். கனடாவில் உப்பிட்ட காட் மீனில் இதே சிவப்பு வந்து பெரிய தலைவலியாக இருந்தபோதுதான் 1922-இல் அதை ஆராய்ந்து இந்த உயிரைப் பதிவு செய்தார்கள். தோல் பதனிடும் இடங்களில் உப்பிட்ட தோலிலும் வரும்.

இவை மனிதருக்கு நோய் தருபவை என்று சொல்ல முடியாது, நம் உடம்பின் 0.9 சதவீத உப்பில் அவற்றால் நிற்கவே முடியாது. ஆனாலும் சிவந்த கருவாட்டைத் தூரப் போடச் சொன்ன அப்பத்தா சரிதான். அந்த அளவுக்கு அவை பெருகியிருந்தால் மீனின் புரதத்தை உடைத்து நாற்றமும் நெகிழ்வும் உண்டாக்கியிருக்கும், ஈரம் ஏறிய அந்த இடத்தில் வேறு கெடுதலான கிருமிகளும் வந்திருக்கலாம். நல்ல தண்ணீரில் கழுவினால் சிவப்பு உயிர்கள் வெடித்துப் போகும், நிறமும் மங்கும், ஆனால் கெட்டது கெட்டதுதான். அடுத்த முறைக்கு நான் செய்வது, வாங்கியவுடன் ஒரு நாள் நல்ல வெயில், பிறகு ஓலைப்பெட்டிக்குப் பதில் காற்றுப் புகாத டப்பா, மழை மூட்டமாக இருந்தால் ஃப்ரிட்ஜ். குளிரில் அவற்றால் பெருக முடியாது.

உங்கள் வீட்டு உப்பு ஜாடியிலிருந்து பெரிய கல்லாகப் பார்த்து ஒன்று எடுத்து, முற்றத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நடுவில் பால்போல் மங்கலாக ஒரு பகுதி தெரியும். படிகம் வேகமாக வளர்ந்தபோது உள்ளே மாட்டிக்கொண்ட உப்புத் தண்ணீரின் நுண்ணிய குமிழிகள் அவை. பாத்தி வற்றும்போது இந்த உயிர்கள் அதற்குள் போய் அடைந்துகொள்கின்றன. கலிபோர்னியாவின் மரணப் பள்ளத்தாக்கில் நிலத்தடியிலிருந்து எடுத்த 22,000 முதல் 34,000 ஆண்டு பழைய உப்புப் படிகங்களிலிருந்து ஆர்க்கியாக்களை மறுபடி வளர்த்திருக்கிறார்கள். அதே குமிழிகளுக்குள் டுனாலியெல்லா பாசியும் அடைபட்டிருந்தது. அது வெயில் பட்ட காலத்தில் சேர்த்து வைத்த கிளிசரால் கசிந்துதான் பக்கத்தில் இருந்தவற்றுக்கு அத்தனை காலமும் சாப்பாடாக இருந்திருக்கும் என்று நினைக்கிறார்கள். அங்கே ஆர்க்கியாக்கள் சுருங்கிச் சிறு உருண்டைகளாகக் கிடந்தன. உப்பு கரைந்து, மறுபடி கெட்டித் தண்ணீரும் தின்ன ஏதாவதும் கிடைத்தபோது, மெல்ல நீண்டு, இரண்டாகப் பிரிந்தன.